பாவ்லோவா அனுப்பி வைத்த இருவர்

சென்ற வருடம் எங்கள் கிளையின் ஆண்டு விழாவில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. இறைவணக்கம், வரவேற்புரை, குழந்தைகளின் ஸ்லோகம், வாய்ப்பாட்டு எல்லாம் முடிந்த பிறகு ஓர் அங்கத்தினரின் பெண் மேடைக்கு வந்தாள். சிறு வயது முதல் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பெண். பத்து வருடம் முறையாகப் பரதநாட்டியம் கற்று, அரங்கேற்றமும் ஆனவள். அன்று அவள் காலில் சலங்கை இல்லை. நெற்றிச்சுட்டி இல்லை, ராக்கொடி இல்லை. சாதாரணப் பருத்திச் சட்டையும் பைஜாமாவும்தான். பின்னால் தம்பூரா சுருதி. நடுநடுவே பாத்திரங்கள் உருளும் ஓசை. அவளுடைய பாட்டி கடைசிக் காலத்தில் ஞாபகம் தப்பிப்போய், வீட்டுக்குள்ளேயே எதையோ தேடிக்கொண்டிருந்ததைத்தான் அவள் ஆடினாள் என்பது எனக்குப் பாதிக்கு மேல்தான் புரிந்தது. பன்னிரண்டு நிமிடம்.

கைதட்டல் சுமார்தான். பந்தியில் உட்கார்ந்ததும் பேச்சு ஆரம்பித்தது. "நம்ம கலையை இவ்வளவு நன்னாக் கத்துண்டுட்டு, இப்போ எதுக்கு இந்த வெள்ளைக்காரா ஆட்டம்?" என்றார் ஒரு மாமி. அடுத்த கமிட்டி மீட்டிங்கில் விஷயம் இன்னும் கொஞ்சம் பெரிதாயிற்று. இனிமேல் ஆண்டு விழாவில் பாரம்பரியக் கலைகளுக்கு மட்டுமே இடம் என்று ஒரு தீர்மானம் போட்டுவிடலாமே என்று ஒருவர் சொன்னார். நேரமாகிவிட்டதால் அது ஒத்திப்போடப்பட்டது. நானும் அங்கேதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நடனத்தைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

அந்த மௌனம் உறுத்தியதால்தான் சில மாதங்களாக இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாமி சொன்ன வாக்கியத்தில் இரண்டு வார்த்தைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "நம்ம" என்பது ஒன்று. "வெள்ளைக்காரா" என்பது இன்னொன்று. இரண்டுமே நான் நினைத்ததைப்போல் அவ்வளவு நேராக இல்லை.

முதலில் வெள்ளைக்காரர் கதை. பாலே என்னும் அரண்மனை நடனத்தை எதிர்த்து, இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் சில பெண்கள் கிளம்பினார்கள். இறுக்கமான கச்சையையும், விரல் நுனியில் நிற்கவைக்கும் காலணியையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஆடினார்கள். இஸடோரா டங்கன் ஒருவர். ரூத் செயின்ட் டெனிஸ் இன்னொருவர். இந்த ரூத் அம்மையாரின் கதை வேடிக்கையானது. ஒரு சிகரெட் விளம்பரத்தில் எகிப்திய தேவதையின் படத்தைப் பார்த்து, கீழை நாடுகளின் மேல் ஆசை கொண்டவர் அவர். 1906ல் நியூயார்க்கில் அவர் ஆடிப் பெயர் வாங்கிய நடனத்தின் பெயர் "ராதா". அப்போது அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பின்னணி இசையோ ஒரு பிரெஞ்சு ஓபராவிலிருந்து எடுத்தது! நம் ராதைக்கும் அவருடைய ராதைக்கும் ஸ்நானப்ராப்தி கூடக் கிடையாது. ஆனாலும் அவரும் அவர் கணவர் டெட் ஷானும் 1915ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஆரம்பித்த பள்ளியில் படித்தவர்தான் மார்த்தா கிரஹாம். நவீன நடனம் என்று உலகம் சொல்வதற்கு ஓர் இலக்கணம் வகுத்தவர் அவர். ஆக, அந்த "வெள்ளைக்கார" நடனத்தின் வேரிலேயே இந்தியாவைப் பற்றிய ஒரு கனவு, தப்பும் தவறுமான கனவு, கலந்திருக்கிறது.

இனி நம் பக்கம். இங்கே கதையைத் தொடங்கி வைத்தவர் ஒரு ருஷ்யப் பெண்மணி. அன்னா பாவ்லோவா. பாலே உலகின் ராணி.

1920ல் உதய் சங்கர் என்ற இளைஞர் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் ஓவியம் படிக்கப் போனார். 1900ல் உதய்ப்பூரில் பிறந்த வங்காளி பிராமணர். தகப்பனார் ஜாலாவார் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். இந்தியப் பின்னணியில் ஏதாவது செய்ய வேண்டும் என்று பாவ்லோவாவுக்கு எண்ணம். உதய் சங்கர் அவருக்காக இரண்டு சிறு நடனங்களை அமைத்துக் கொடுத்தார். ஒன்று ஹிந்துக் கல்யாணம், மற்றது ராதா-கிருஷ்ணா. 1923ல் லண்டன் கோவென்ட் கார்டனில் பாவ்லோவா ராதை, உதய் சங்கர் கிருஷ்ணன். அப்போது அவர் எந்த சாஸ்திரீய நடனத்தையும் எந்த குருவிடமும் கற்றவர் அல்ல. சிற்பங்களையும் ராஜஸ்தானச் சிற்றோவியங்களையும் பார்த்துப் பார்த்து, தன் உடம்பில் வரைந்துகொண்டவர். பாலேயும் கற்றுக்கொள்கிறேன் என்று அவர் ஆசைப்பட்டபோது பாவ்லோவா இணங்கவில்லை. உன் நாட்டிலேயே இவ்வளவு இருக்கிறதே, அதைப் போய்த் தேடு என்ற அர்த்தத்தில் சொல்லி அனுப்பினார்.

சில வருடங்கள் கழித்து இதே பாவ்லோவாவை நம் ஊர்ப் பெண் ஒருவர் சந்தித்தார். மதுரையில் 1904ல் நீலகண்ட சாஸ்திரிகளின் மகளாகப் பிறந்து, 1920ல் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்து மயிலாப்பூரையே அதிர வைத்த ருக்மிணி தேவிதான் அவர். பாவ்லோவாவின் ஏற்பாட்டில் அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே கற்க ஆரம்பித்தார். இவருக்கும் பாவ்லோவா சொன்னது அதேதான்: உங்கள் நாட்டுக் கலையைப் பாருங்கள். 1931 ஜனவரியில் பாவ்லோவா காலமாகிவிட்டார். அவர் சொல்லைக் கேட்டுக்கொண்ட இரண்டு பேரும் இரண்டு திசையில் போனார்கள். ஒருவர் போன வழிக்கு நவீன நடனம் என்று பெயர் வந்தது. மற்றவர் போன வழிக்குப் பாரம்பரியம் என்று பெயர் வந்தது. ஒரே பத்தாண்டில், ஒரே ஆசானின் சொல்லிலிருந்து கிளம்பியவை இவை.

அப்படியானால் பரதநாட்டியம் பழமையானது இல்லையா என்று கேட்கலாம். ஆட்டம் பழமையானதுதான். ஆனால் நாம் மேடையில் காணும் உருவம்? அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்தினார்கள். இருநூறு வருடம்தான் ஆகிறது. அதற்குச் சதிர் என்று பெயர். அதை ஆடியவர்கள் தேவதாசிகள், ஆட்டுவித்தவர்கள் நட்டுவனார்கள். நம் வீட்டுப் பெண்கள் ஆடவில்லை. நம் முன்னோர் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். என் தாத்தா காலத்துக் கல்யாணங்களைப் பற்றிக் கேட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

தேவதாசி முறையை ஒழிக்க 1927 முதல் சென்னை சட்டசபையில் போராடினார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. முறை ஒழியட்டும், கலை ஒழியக் கூடாது என்று வாதாடினார் வக்கீல் ஈ. கிருஷ்ணய்யர். கல்லிடைக்குறிச்சிக்காரர். கலைக்கு ஒட்டிக்கொண்டிருந்த இழிவைப் போக்கத் தானே பெண் வேஷம் கட்டி ஆடியவர். நம் சமூகத்தில் அப்படியும் ஒருவர் இருந்தார் என்பதில் எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை. 1931 மார்ச்சில் மியூசிக் அகாடமி மேடையில் கல்யாணி அம்மாளின் மகள்களை ஆட வைத்தார்கள். முதல் தடவை கூட்டம் சேரவில்லை. 1933 புத்தாண்டன்று அவர்களே மறுபடி ஆடியபோது நல்ல கூட்டம். அந்தப் பத்தாண்டில்தான் சதிர் என்ற பெயர் மங்கி, பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது.

ருக்மிணி தேவி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். 1935 டிசம்பரில் அடையாறு தியசாபிகல் சொசைட்டியின் வைர விழாவில் ஆடினார். 1936ல் கலாக்ஷேத்திராவின் தொடக்கம். அவர் செய்த மாற்றங்களைக் கவனியுங்கள். ஆடுபவருக்குப் பின்னால் நின்றபடி நகர்ந்துகொண்டிருந்த வாத்தியக்காரர்களை மேடையின் பக்கத்தில் உட்கார வைத்தார். கோயில் சிற்பங்களைப் பார்த்து உடை தைக்கச் சொன்னார். அதற்கு உதவியவர் ஓர் இத்தாலியப் பெண்மணி. மேடை விளக்கமைப்பு மேல்நாட்டு முறை. சிருங்கார பதங்களில் தனக்கு ஒவ்வாதவற்றை விலக்கினார். 1944ல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். இத்தனையும் புதுமைகள். அன்றைக்கு வைதிகர்கள் முணுமுணுத்ததும் உண்டு. இன்று அதே உருவத்தைத்தான் நாம் "தொன்றுதொட்டு" என்று மலரில் அச்சடிக்கிறோம்.

இதில் நஷ்டப்பட்டவர்கள் உண்டு. 1947ல் சட்டம் வந்தது. பொட்டுக் கட்டுவது நின்றது நல்லதே. ஆனால் ஆடிய குடும்பங்களுக்கு மேடையும் போயிற்று. ருக்மிணி தேவிக்கும் பாலசரஸ்வதிக்கும் அபிநயம் சொல்லிக் கொடுத்த கௌரி அம்மாள், கபாலீஸ்வரர் கோயிலைச் சேர்ந்தவர், கடைசிக் காலத்தை வறுமையில் கழித்து 1971ல் மறைந்தார். பாலசரஸ்வதி மட்டும் அசையாமல் நின்றார். சிருங்காரத்தை எடுத்துவிட்டால் இந்தக் கலையில் மிஞ்சுவது என்ன என்ற கருத்தை 1975ல் தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையிலும் சொன்னார். எனக்கு ருக்மிணி தேவியிடம் பெருமதிப்பு உண்டு. ஆனாலும் "நம்ம கலை" என்று மாமி சொன்னபோது, அந்த "நம்ம"வுக்குள் கௌரி அம்மாள் இருக்கிறாரா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

உதய் சங்கர் பக்கம் வருவோம். ஆலிஸ் போனர் என்ற சுவிஸ் சிற்பியின் துணையோடு 1930ல் இந்தியா முழுவதும் சுற்றினார். கேரளத்தில் கதகளியைக் கண்டார். ஒரு குழுவைத் திரட்டினார். 1931 மார்ச்சில் பாரிஸில் முதல் நிகழ்ச்சி. கடைசித் தம்பி ரவிக்குப் பத்து, பதினொன்று வயது, குழுவில் ஆடினான். பிற்பாடு ஸிதார் ரவிசங்கர் ஆனது அந்தப் பையன்தான். ஐரோப்பாவும் அமெரிக்காவும் கொண்டாடின. நான் கொல்கத்தாவில் வேலை பார்த்த காலத்தில், ஆபீஸில் வங்காளி நண்பர்கள் உதய் சங்கர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் கையை நெற்றிக்குக் கொண்டுபோவார்கள். "ஒரு அடவு சுத்தமாகத் தெரியாதவர்" என்று நான் மனசுக்குள் சிரித்ததுண்டு. தவறு என்னுடையது.

அது ஏன் தவறு என்பதை அல்மோரா சொல்லும். 1930களின் கடைசியில், இங்கிலாந்தின் எல்ம்ஹர்ஸ்ட் தம்பதியரின் பண உதவியோடு, இமயமலை அடிவாரத்தில் ஒரு கலை மையம் தொடங்கினார். அங்கே யார் யார் வாத்தியார் என்று பாருங்கள். கதகளிக்கு சங்கரன் நம்பூதிரி. மணிப்புரிக்கு அமோபி சிங். சங்கீதத்துக்கு அலாவுதீன் கான். பரதநாட்டியத்துக்குக் கந்தப்பப் பிள்ளை. பாலசரஸ்வதியின் குரு, தஞ்சை நால்வர் வழியில் வந்தவர். நால்வரின் வாரிசை மலையேற்றிக் கொண்டுபோன ஒருவரைப் பாரம்பரியம் அறியாதவர் என்று எப்படிச் சொல்வது? இவற்றைத் தவிர அவர் தானே நடத்திய வகுப்பு ஒன்று இருந்தது. அதில் பிள்ளைகளை நடக்கச் சொல்வார். வெறுமனே நடப்பது. சாலையில் போகிறவர்களையும் வேலை செய்கிறவர்களையும் கவனித்து வந்து, அங்கேயே ஓர் அசைவை உண்டாக்கிக் காட்ட வேண்டும். குரு காட்டியதைத் திருப்பிச் செய்வதுதான் கல்வி என்றிருந்த தேசத்தில் இது பெரிய மாற்றம். உழைப்பும் யந்திரமும் என்ற தலைப்பில் தொழிற்சாலைத் தொழிலாளிகளைப் பற்றி ஒரு பெரிய நடனத்தையே அமைத்தார். கிருஷ்ணனும் ராதையும் இல்லாத நடனம்.

யுத்த காலத்தில் பணம் வற்றி 1944ல் அல்மோரா மூடப்பட்டது. கையிலிருந்ததையெல்லாம் போட்டு "கல்பனா" என்று ஒரு படம் எடுத்தார். எடுத்த இடம் சென்னை ஜெமினி ஸ்டூடியோ. 1948ல் வெளிவந்தது. அதே வருடம் அதே ஸ்டூடியோவிலிருந்து வாசன் அவர்களின் "சந்திரலேகா"வும், அந்த முரசு நடனமும் வந்ததை நம் மூத்த அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருவாங்கூர் சகோதரிகள் லலிதாவும் பத்மினியும் கல்பனாவில் ஆடியிருக்கிறார்கள். பத்மினிக்குச் சினிமாப் பிரவேசமே அதுதான். படம் ஓடவில்லை. 2012ல் அதைப் புதுப்பித்து கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். அதற்கப்புறம்தான் நானும் பார்த்தேன். கதை கோர்வையாக இல்லை, நீளம் அதிகம். ஆனால் யந்திர நடனம் வரும் இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உதய் சங்கர் 1977ல் கொல்கத்தாவில் காலமானார்.

அல்மோராவில் படித்தவர்கள் நாலாபக்கமும் போனார்கள். குரு தத் சினிமாவுக்கு. சாந்தி பர்தன் பம்பாயில் இப்டா குழுவுக்கு. பின்னர் 1952ல் லிட்டில் பாலே ட்ரூப் ஆரம்பித்து, ஆடுபவர்கள் எல்லோரும் மரப்பாச்சிகளைப்போல் அசையும் ஒரு ராமாயணத்தைச் செய்தார். காசநோயால் 1954லேயே போய்விட்டார். நரேந்திர சர்மா டில்லியில் பள்ளிக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, 1972ல் பூமிகா என்ற குழுவை அமைத்தார். இதற்கெல்லாம் முன்பே சாந்திநிகேதனில் தாகூர் மணிப்புரி, கதகளி முதலியவற்றைக் கலந்து சித்ராங்கதா, சண்டாளிகா என்று நாட்டிய நாடகங்களைச் செய்துகொண்டிருந்தார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

நமக்கு நெருங்கிய ஒருவரைச் சொல்ல வேண்டும். மிருணாளினி சாராபாய். தகப்பனார் சுவாமிநாதன் பாலக்காட்டுத் தமிழ் பிராமணர், சென்னையில் பாரிஸ்டர். தாயார் அம்மு கேரளத்து நாயர் குடும்பம். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர். விக்ரம் சாராபாயை மணந்து அகமதாபாத் போய் தர்ப்பணா என்ற கலைக்கூடத்தை நிறுவினார். அங்கே செய்தித்தாளில் இளம் மருமகள்கள் கிணற்றில் விழுந்து சாகும் செய்திகளைப் படித்தார். ஏன் என்று விசாரித்தார். வரதட்சிணை. 1960களில் அதை அப்படியே பரதநாட்டியத்தில் வைத்தார். சாஹித்யம் கிடையாது, சொற்கட்டு மட்டும். அதட்டுகிற மாமியார் வீட்டின் குரலாக ஜதியே ஒலித்தது. தாம் தீம் என்று நாம் தலையாட்டி ரசிக்கிற அதே ஜதி! வரதட்சிணைக்கு எதிராக நம் சங்கமும் எத்தனையோ தீர்மானம் போட்டிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு, பதினைந்து நிமிட நடனத்துக்கு இருந்த பலம் அந்தத் தீர்மானங்களுக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் 2016ல் காலமானார்.

அதே அகமதாபாத்தில் குமுதினி லாக்கியா கதக்கிலிருந்து துப்பட்டாவையும் கதையையும் எடுத்துவிட்டு, கூட்டமாக ஆடும் புதிய அமைப்புகளைச் செய்தார், 2025ல் மறைந்தார். பார்ஸியான அஸ்தாத் தேபு கதக்கும் கற்று, லண்டனில் மார்த்தா கிரஹாம் முறையும் கற்று, யாருடைய முறையும் இல்லாத ஒன்றை ஆடினார். சென்னை கிளார்க் பள்ளியின் காது கேளாத குழந்தைகளோடு அவர் மேடையேறியிருக்கிறார். தாளம் காதில்தான் இருக்கிறது என்று யார் சொன்னது? அவரும் 2020ல் போய்விட்டார்.

ஆனால் என்னை மிகவும் யோசிக்க வைத்தவர் சந்திரலேகா. படமல்ல, மனுஷி. 1928ல் மகாராஷ்டிரத்தில் குஜராத்திக் குடும்பத்தில் பிறந்து, சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் கற்றவர். 1952ல் ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக ஆடினார். "மதுரா நகரிலோ" என்ற உருப்படி. யமுனையில் தண்ணீர் ததும்புகிறது, தோழிகள் நீர் விளையாடுகிறார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே, பத்திரிகையில் பார்த்த வெடித்த வயல்களின் படம் நினைவுக்கு வந்து அப்படியே உறைந்துவிட்டதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். வறட்சிக்கு நிதி திரட்ட, தண்ணீர் கொழிக்கும் ஒரு நடனம்! கலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே விழுந்த அந்த விரிசலோடு அவரால் வெகு நாள் ஆட முடியவில்லை. ஒரு கட்டத்தில் விலகி, எழுத்து, போஸ்டர் ஓவியம், பெண்கள் இயக்கம் என்று போய்விட்டார்.

1984ல் பம்பாயில் மாக்ஸ்முல்லர் பவன் ஏற்பாட்டில் கிழக்கு-மேற்கு நடனச் சந்திப்பு நடந்தபோது திரும்பி வந்தார். 1985ல் "அங்கிகா". பரதம், களரிப்பயிற்று, யோகம் மூன்றும் ஒரே முதுகெலும்பிலிருந்து கிளம்புகின்றன என்று காட்டினார். நகை இல்லை, கதை இல்லை, முகத்தில் பாவம்கூட அதிகம் இல்லை. ஆனால் அரைமண்டி? அதை மட்டும் அவர் விடவில்லை. உடம்பு ஒரு மண்டலமாக விரிவதற்கு அதுதான் ஆதாரம் என்று கருதினார். 1989ல் பாஸ்கராசாரியரின் லீலாவதியை எடுத்துக்கொண்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கணக்குப் புத்தகம்! தேனீக்கள் எத்தனை, தாமரை எத்தனை என்ற கணக்குகளை ஆட வைத்தார். நம்மில் எத்தனை பேர் கணக்குப்பிள்ளைகள், ஆடிட்டர்கள், இன்ஜினீயர்கள்! லீலாவதி நம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. 2001ல் "சரீரா", அவருடைய கடைசிப் படைப்பு. குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசையில் ஓர் ஆணும் பெண்ணும் மிக மிக மெதுவாக அசையும் நடனம். அதில் சில இடங்கள் எனக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2006 டிசம்பர் 30 அன்று காலமானார். சீஸன் நடந்துகொண்டிருந்த நேரம்.

அவரிடம் ஆடியவர்களில் பத்மினி செட்டூர் பின்னர் தனக்கென ஒரு வழி கண்டார். பெங்களூரில் 1992ல் ஜெயச்சந்திரன் பாலாழி ஆட்டக்களரியைத் தொடங்கினார். சென்னையில் பிறந்த ஷோபனா ஜெயசிங் லண்டனில் 1988 முதல் பரத அடவுகளைத் தனித்தனியாகக் கழற்றி வேறு விதமாகப் பூட்டிக் காட்டினார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். படிக்கும் சாக்கில் வீடியோவில் பார்த்தவற்றில் பாதி, தரையில் உருண்டால் நவீனம் என்று நினைப்பவை. சபாவில் வருடா வருடம் நாம் பார்க்கும் வர்ணங்களிலும் பாதி அப்படித்தானே, மனப்பாடம் ஒப்பிப்பவை. நல்லது எதிலும் கொஞ்சம்தான் இருக்கும்போல.

போன மாதம் அந்தப் பெண்ணின் அப்பாவைக் கோயிலில் பார்த்தேன். பாத்திர ஓசையெல்லாம் பாட்டியின் சொந்தப் பாத்திரங்களிலிருந்து பதிவு செய்தது என்றார். வெண்கலப் பானை, ஈயச்செம்பு, உருளி. ரசம் வைத்ததே ஞாபகமில்லாமல் பாட்டி ஈயச்செம்பைத் தேடிக்கொண்டே இருப்பாராம். அன்று மேடையில் வலது கை குவிந்து குவிந்து பிரிந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அது முகுள முத்திரை. பத்து வருடம் கற்றது எங்கும் போய்விடவில்லை.

இந்த வருட ஆண்டு விழாவுக்கும் அவள் பெயர் கொடுத்திருக்கிறாள். படிவத்தில் நேரம் என்ற இடத்தில் பதினைந்து நிமிடம் என்று எழுதியிருக்கிறாள். ஒத்திப்போட்ட தீர்மானம் அடுத்த கமிட்டி மீட்டிங்கில் வருகிறது. இந்த முறை நான் பேசுவதாக இருக்கிறேன்.